எழுதாமல் விட்ட கோணம்

அந்த நிராகரிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். ‘தாங்கள் அனுப்பிய 240 அகச்சிவப்பு ஃபில்டர்களும் மைய அலைநீளத்தில் பிழையானவை. முழு லாட்டையும் திருப்பி அனுப்புகிறோம்’ என்று அதில் இருந்தது. கடிதம் போன மூன்றாம் நாள் இரவில், அந்த 240 துண்டுகளிலும் ஒரு குறையும் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. 15 ஆண்டுகள் சொல்லாமலே இருந்தேன். இப்போது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வாயு அளக்கும் கருவிகள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் அப்போது வடிவமைப்புப் பொறுப்பில் இருந்தேன். வாழைக்காய் பழுக்கவைக்கும் அறைகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். தேனி மாவட்டத்தில் வாழை விளையும் பக்கமெல்லாம் அந்த அறைகள் வந்துகொண்டிருந்த காலம். அறைக்குள் 16 முதல் 18 டிகிரி குளிர், 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம், காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்குக் காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன். காய் பழுக்கப் பழுக்க மூச்சு விடும்; அந்த மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு ஒரு சதவீதத்தைத் தாண்டினால் எத்திலீன் தன் வேலையைச் சரியாகச் செய்யாது, பழம் சீராக நிறம் ஏறாது. இன்னும் கூடினால் உள்ளே போகும் ஆளுக்கே ஆபத்து. அது 3 சதவீதம் கலந்த காற்றில் கால் மணி நேரத்துக்கு மேல் ஒருவர் இருக்கக் கூடாது என்பது தொழிலிடப் பாதுகாப்பு வரம்பு. ஆகவே மீட்டர் பார்த்து, அளவு தாண்டியதும் விசிறியைத் தானே போடவேண்டும். கேட்பதற்கு எளிய வேலைதான்.

கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு அகச்சிவப்பு ஒளியில் 4.26 மைக்ரானை ஒட்டிய ஒரு பட்டையை மிக வலுவாக உறிஞ்சும். ஏறக்குறைய 4.2-இல் தொடங்கி 4.35 வரை அந்தப் பட்டை இருக்கும். இந்த வாயு வெப்பக் கதிரைப் பிடித்துவைக்கும் என்பதை லண்டனில் ஜான் டின்டல் 1859-இலேயே ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டிவிட்டார். அதே விஷயத்தைத்தான் இன்றைய மீட்டரும் செய்கிறது. ஒரு குழாயின் இந்த முனையில் சின்ன விளக்கு, அந்த முனையில் வெப்பத்தை உணரும் தெர்மோபைல். நடுவில் அறைக் காற்று. எவ்வளவு ஒளி குறைகிறதோ அவ்வளவு வாயு. ஆனால் தெர்மோபைலுக்கு நிறம் தெரியாது. எந்த அலைநீளத்தில் வந்தாலும் வெப்பம் வெப்பம்தான் அதற்கு. அதன் முகத்தில் 4.26-ஐ மட்டும் உள்ளே விடும் ஒரு ஃபில்டரை ஒட்டினால்தான் அது கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஆகும். ஒட்டாவிட்டால் அது வெறும் வெப்பமானி. மீட்டரின் உயிர் அந்த நான்கு மில்லிமீட்டர் சதுரத் துண்டில்தான் இருக்கிறது.

அந்தத் துண்டைப் பார்த்தால் சாயம் பூசிய கண்ணாடி என்று நினைப்பீர்கள். சாயமே கிடையாது. சிலிக்கன் தகட்டின் மேல், வெற்றிட அறைக்குள், ஜெர்மேனியத்தையும் துத்தநாக சல்ஃபைடையும் மாற்றி மாற்றி ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். ஜெர்மேனியத்தின் ஒளிவிலகல் எண் 4, மற்றதற்கு ஏறக்குறைய 2.2. ஒவ்வொரு படலமும் அதன் உள்ளே ஒளிக்கு இருக்கும் அலைநீளத்தில் கால் பங்கு தடிமன். 4.26 மைக்ரானுக்குக் கணக்கிட்டால் ஜெர்மேனியம் 0.27 மைக்ரான், துத்தநாக சல்ஃபைடு 0.48 மைக்ரான். இப்படிச் சில படலங்கள் சேர்ந்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்பும். அத்தகைய இரண்டு அடுக்குகளை எதிரெதிரே வைத்து, நடுவில் அரை அலை தடிமனுக்கு ஓர் இடைப் படலம் விட்டால், உள்ளே புகுந்த ஒளி இரு சுவர்களுக்கும் நடுவே போய்ப் போய் வரும். ஊஞ்சலைத் தள்ளுவதைப் போலத்தான். சரியான நேரத்தில் தள்ளினால் வீச்சு ஏறும், தப்பான நேரத்தில் தள்ளினால் ஆட்டம் அடங்கும். அந்த இடைவெளிக்கு ஒத்த அலை ஒவ்வொரு திரும்பலிலும் தன்னைத்தானே தள்ளிப் பெருக்கிக்கொண்டு மறுபக்கம் வெளியேறும். மற்ற அலைகள் தங்களுக்குள் அழிந்து திரும்பிப் போகும். மார்சேயில் ஃபாப்ரியும் பெரோவும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமைத்த இரட்டைக் கண்ணாடி ஏற்பாட்டின் படல வடிவம் இது. ஒரே இடைவெளி என்றால் கடத்தும் பட்டை கூம்பிய முகட்டோடு, நீண்ட வாலோடு இருக்கும். இரண்டு மூன்று இடைவெளிகளை அடுக்கினால் முகடு தட்டையாகும், ஓரங்கள் செங்குத்தாகும்.

படலத் தடிமனில் ஒரு சதவீதம் பிசகினால் முகடும் ஒரு சதவீதம் நகரும், 4.26 மைக்ரானில் அது 43 நானோமீட்டர். நான் கேட்ட பட்டை அகலமே 80 நானோமீட்டர் என்னும்போது இது எவ்வளவு கடினமான வேலை என்பதைப் பாருங்கள். கோட்டிங் போடுகிறவர் பாதி நாள் அந்த வெற்றிட அறையின் முன் நின்று, ஒவ்வொரு படலமும் எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நிறுத்துகிறார். கடைசிப் படலத்தில் தவறினால் முந்தைய எல்லாமே வீண். இதை நான் அன்றைக்கும் அறிவேன். அறிந்தும்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

இனி என் தவறுகள், நடந்த வரிசையில்.

நான் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டரில் ஃபில்டரைப் பற்றி இருந்தது ஒரே வரி. மைய அலைநீளம் 4.26 மைக்ரான், அரை சதவீதம் கூடலாம் குறையலாம். கடத்தும் பட்டையின் அகலம், அரை உயரத்தில், 80 நானோமீட்டர். உச்சக் கடத்தல் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அளவு 4 மில்லிமீட்டர் சதுரம். அவ்வளவுதான். ஒளி எந்தக் கோணத்தில் விழும், கருவி எந்த வெப்பநிலையில் வேலை செய்யும், பட்டைக்கு வெளியே எந்த அலைநீளம் வரை எவ்வளவு தடுக்கவேண்டும், ஈரத்தை எவ்வளவு தாங்கவேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. முன்மாதிரிக் கருவியில் சந்தையில் கிடைத்த 180 நானோமீட்டர் அகல ஃபில்டர் இருந்தது; அது நன்றாகவே வேலை செய்தது. 80 என்று குறுக்கினால் இன்னும் துல்லியமாகும் என்று நான் நம்பினேன். யாரிடமும் கேட்கவில்லை. ஆங்கஸ் மக்ளௌட் எழுதிய, 1969-இல் முதல் பதிப்பு வந்த படல ஃபில்டர் நூல் என் மேசைக்குப் பின்னால் அலமாரியிலேயே இருந்தது. சாய்ந்து விழும் ஒளிக்கு ஃபில்டர் என்ன செய்யும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் அந்தப் பக்கங்களைத் திறந்ததில்லை. வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் அந்தப் புத்தகத்தை அங்கே வைத்திருந்தேன்.

சப்ளையர் பக்கத்துக் கோட்டிங் பொறியாளர் அனுபவசாலி, என்னைவிட வயதில் மூத்தவர். ஆர்டர் கிடைத்ததும் இரண்டே கேள்விகள் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். தடுப்பு எதுவரை வேண்டும்? ஒளி இணைகற்றையாக விழுகிறதா, கூம்பாக விழுகிறதா? முதல் கேள்விக்கு ‘வழக்கம்போல்’ என்று பதில் எழுதினேன். இரண்டாவதற்குப் பதிலே எழுதவில்லை. பதில் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. இவ்வளவு பெரிய கதைக்கும் விதை அதுதான். பதில் வராததால் அவர் தொழிலில் எல்லோரும் எடுத்துக்கொள்வது போல நேர்க்கோணம் என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்பச் செய்து, நேர்க்கோணத்தில் அளந்து, 4.26 என்று காட்டும் வரைபடத்தோடு அனுப்பினார்.

கருவியில் பூட்டினோம். சோதனை வாயுவை உள்ளே விட்டால் சிக்னல் மிகக் குறைவாக வந்தது. முன்மாதிரியில் வந்ததில் கால் பங்குகூட இல்லை. ஏன் என்று நின்று யோசித்திருக்க வேண்டும். நான் மென்பொருளில் பெருக்கும் எண்ணைக் கூட்டினேன். சோதனை வாயுவின் அளவோடு திரையில் எண் பொருந்தியது. அதற்கு அளவுத்திருத்தம் என்று பெயர் வைத்து, முதல் மீட்டரைச் சின்னமனூர்ப் பக்கம் ஓர் அறைக்கு அனுப்பினேன். சிக்னலைப் பெருக்கும் எண் கூடவே பிழையையும் பெருக்கும் என்பது முதலாண்டு மாணவனுக்கும் தெரிந்த விஷயம். விளக்கின் சோர்வு, குழாயின் குளிர்ச்சி, ஃபில்டரின் சிறு நகர்வு எல்லாம் நான்கு ஐந்து மடங்காகித் திரையில் வரும். 34 டிகிரியில் அம்பத்தூரில் சரிபார்த்த கருவி 17 டிகிரி அறையில் குறைத்துக் காட்டியது.

அறைக்காரர் போன் செய்தார். “தம்பி, மிஷினு அரைன்னு காட்டுது. விசிறி ஓடவே இல்ல. உள்ள தார் எடுக்கப் போன பையனுக்குத் தலை சுத்தி வெளிய வந்து உக்காந்துட்டான். என்னா அளக்குது இது?”

“தண்ணி பட்டிருக்கும்ண்ணே. கழுவறப்ப மூடி வெக்கச் சொன்னனே” என்றேன். தண்ணீர் படவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பையன் சிறிது நேரத்தில் தேறிவிட்டான். அதனால் என் பொறுப்பு குறைந்துவிடாது. ஒரு கருவி பொய் எண் காட்டினால் அதை நம்பிக் கதவைத் திறக்கிறவனின் மூச்சோடு அது சம்பந்தப்படும்.

அதன் பிறகுதான் ஃபில்டரை அளந்து பார்க்க நினைத்தேன். எங்களிடம் ஃபூரியே உருமாற்ற அகச்சிவப்பு நிறமாலைமானி ஒன்று இருந்தது. எஃப்.டி.ஐ.ஆர். என்றுதான் சொல்வோம். துண்டு சிறியது, கற்றை பெரியது. ஆகவே ஒளியைக் குவிக்கும் கண்டன்சரைப் போட்டு அளந்தோம். திரையில் முகடு 4.227-இல் நின்றது. அரை சதவீதம் என்றால் 21 நானோமீட்டர். இதுவோ 33 நகர்ந்திருந்தது. எனக்கு உள்ளூர நிம்மதி. குற்றம் வேறொருவருடையது என்று ஆகிவிட்டதே! அந்த நிம்மதியை இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அளந்தவள் எங்கள் பிரிவில் இருந்த பெண்; பாலிடெக்னிக் முடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: “சார், கண்டன்சர் இல்லாம ஒருதடவ பாத்துட்டு அனுப்பலாமா? சப்ளையர் சார்ட்ல கண்டன்சர் போட்டதா எழுதலையே.”

“உன் வேல அளக்கறது. முடிவு எடுக்கறத நான் பாத்துக்கறேம்மா” என்றேன். நான்கைந்து பேர் இருந்த அறையில், குரலை உயர்த்திச் சொன்னேன். அன்று மாலையே கடிதம் போனது.

அவள் கேட்டது இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் எல்லோரும் போன பிறகு, கண்டன்சரைக் கழற்றி, ஓட்டை போட்ட அலுமினியத் தகடு ஒன்றை வைத்து நேர்கற்றையை மட்டும் விட்டு அளந்தேன். ஒளி குறைந்து இரைச்சல் கூடியது, நெடுநேரம் ஓடவிட்டேன். முகடு ஏறி வந்து 4.26-இல் நின்றது. நடுவில் ஒரு வெட்டு தெரிந்தது. அது ஃபில்டரின் குறை இல்லை; கருவியின் உள்ளே இருந்த அறைக் காற்றின் கார்பன் டை ஆக்சைடு, என் மூச்சும் சேர்ந்து, அதே அலைநீளத்தில் ஒளியைத் தின்றுகொண்டிருந்தது. நைட்ரஜன் ஓட்டி அதை வெளியேற்றிவிட்டுத்தான் இந்த அலைநீளத்து ஃபில்டரை அளக்கவேண்டும். அதையும் நாங்கள் செய்திருக்கவில்லை. நைட்ரஜனை ஓட்டி மறுபடி அளந்தேன். சப்ளையர் அனுப்பிய வரைபடத்தின் மேல் என் தாளை வைத்து விளக்கில் காட்டினேன். இரண்டு கோடுகளும் ஒன்றாகவே இருந்தன.

நடந்தது என்ன என்பதை அந்த இரவில்தான் புத்தகத்தைத் திறந்து படித்தேன். ஃபில்டரைச் சாய்த்தால் உள்ளே ஒளி போகும் பாதை நீளும், ஆகவே நீண்ட அலைதான் ஒத்துப்போகும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. படலத்துக்குச் செங்குத்தான திசையில் அலை எவ்வளவு முன்னேறுகிறது என்பதுதான் கணக்கில் வரும். சாய்ந்து போகும் அலை அந்தத் திசையில் மெதுவாகவே கட்டம் மாறும்; அதே தடிமனில் அரை அலை நிரம்பவேண்டும் என்றால் அலை குறுகியாகவேண்டும். ஆகவே சாயச் சாய முகடு குட்டை அலைநீளப் பக்கம் நகரும். சூத்திரம் சின்னதுதான்: கோணத்தின் சைனை ஃபில்டரின் விளைவு ஒளிவிலகல் எண்ணால் வகுத்து, வர்க்கமாக்கி, ஒன்றிலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுத்து, நேர்க்கோண அலைநீளத்தோடு பெருக்கவேண்டும். எங்கள் ஃபில்டருக்கு அந்த எண் ஏறக்குறைய 2.4. பத்து டிகிரி சாய்வில் நகர்வு 11 நானோமீட்டர், பொறுத்துக்கொள்ளலாம். 25 டிகிரியில் 66-க்குச் சற்று மேல். 40 டிகிரியில் 156. கோணம் இரட்டித்தால் நகர்வு ஏறக்குறைய நான்கு மடங்காகும். குவித்த கற்றை பூஜ்யத்திலிருந்து ஓரம் வரை எல்லாக் கோணங்களும் கலந்த கூம்பு. அதன் சராசரி நகர்வு ஓரத்து நகர்வில் ஏறக்குறைய பாதி. எங்கள் கண்டன்சரின் ஓரக் கோணம் 25 டிகிரி. 66-இல் பாதி 33. திரையில் நான் பார்த்த அதே 33.

கருவிக்குள் நிலைமை இன்னும் மோசம். பொன் பூசிய குழாயின் சுவர்களில் மோதி மோதி வரும் ஒளி, 40 டிகிரி வரை எல்லாக் கோணங்களிலும் தெர்மோபைலின் முகத்தில் விழும். சராசரியாக 78 நானோமீட்டர் நகர்ந்து, பட்டை 4.18-ஐச் சுற்றிப் போய் நிற்கும். வாயு உறிஞ்சும் இடமோ 4.2-இல்தான் தொடங்குகிறது. எங்கள் மீட்டர் கார்பன் டை ஆக்சைடு இல்லாத ஜன்னல் வழியாகத்தான் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தது. 180 அகலத்து முன்மாதிரி பிழைத்ததற்குக் காரணமும் இதுதான். நகர்ந்தாலும் அதன் ஒரு பாதி பட்டைக்குள்ளேயே இருந்தது. துல்லியம் என்று எண்ணி நான் குறுக்கியதுதான் கருவியைக் குருடாக்கியது.

மறுநாள் காலை அந்தக் கோட்டிங் பொறியாளர் போன் செய்தார். கோபமே இல்லாத குரல். “சார், லெட்டர் பாத்தேன். இங்க மூணு தடவ அளந்துட்டேன், நேர்ல 4.26தான் காட்டுது. நீங்க எந்தக் கோணத்துல அளந்தீங்க சார்?”

பதில் என் மேசையின் மேலேயே இருந்தது. முந்தின இரவின் தாள்.

“நேராத்தான் சார் அளந்தோம்” என்றேன்.

சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. “சரிங்க சார். உங்க அளவுல 4.26 வர்ற மாதிரி புது லாட் போட்டுத் தர்றேன்” என்றார். அவருக்குப் புரிந்திருக்கும். 33 நானோமீட்டர் என்ற எண்ணைப் பார்த்ததுமே, எங்கோ ஒரு கூம்பு இருக்கிறது என்று அந்த வேலையில் ஊறியவருக்குத் தெரியாமல் இருக்குமா? வாடிக்கையாளர் பொய் சொல்கிறார் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. அந்த நிலையைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

ஏன் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. முதலாளி நல்லவர், திட்டிவிட்டு மறந்திருப்பார். ஃபில்டர் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. உண்மையைச் சொன்னால், ஒரு வருட அனுபவமே உள்ள அந்தப் பெண் கேட்ட கேள்வி சரி, என் பதில் தவறு என்று அதே அறையில் நின்று சொல்லவேண்டியிருக்கும். அதற்கு எனக்கு நெஞ்சுரம் இருக்கவில்லை. இது பயம்கூட இல்லை. அகந்தை.

இரண்டாம் லாட் வந்தது. என் கண்டன்சரில் 4.26 காட்டும்படி, நேர்க்கோணத்தில் 4.293-க்குச் செய்திருந்தார். அதனால் கருவிக்குள்ளும் பட்டை 4.215-ஐச் சுற்றி வந்து நின்றது. வாயுவின் உறிஞ்சலுக்குள் பாதிக்கு மேல் புகுந்துவிட்டது. சிக்னல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. எல்லோரும் என்ன நினைப்பார்கள்? முதல் லாட் தப்பு, இரண்டாவது சரி, சார் கண்டுபிடித்தார். முதலாளி கூட்டத்தில் பாராட்டினார். அந்தப் பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். என் பொய்க்கு இயற்பியலே சாட்சி சொன்னது போல அமைந்துவிட்டதால், அதைத் திரும்பப் பெறுவது ஒவ்வொரு நாளும் கடினமாகிக்கொண்டே போனது.

முதல் லாட்டின் செலவு முழுவதும் சப்ளையர் தலையில் விழுந்தது. மெருகேற்றிய சிலிக்கன் தகடுகள், ஜெர்மேனியம், வெற்றிட அறையின் நேரம், அறுத்துத் துண்டாக்கிய கூலி. வெற்றிட அறையில் ஒரு நாள் வேலை போனால் சின்ன நிறுவனத்துக்கு அது உடனே கணக்கில் தெரியும். 80 நானோமீட்டரில் 4.26 என்பது வேறு யாருக்கும் உடனே விற்கக்கூடிய சரக்கும் இல்லை. அடுத்த ஆண்டு அவர்கள் எங்களுக்கு விலை சொல்லவே இல்லை. ‘தரம் போதாதவர்கள், தாங்களே விலகிவிட்டார்கள்’ என்று கோப்பில் எழுதினேன். அந்தக் குறிப்பும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு செய்தது இன்னும் கேவலம். ஒரு பொறியியல் கல்லூரியில் ஃபில்டர்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். டின்டலிலிருந்து தொடங்கினேன். 2013-இல் ஏவிய இன்சாட்-3டி செயற்கைக்கோளின் வளிமண்டலச் சவுண்டர் கருவியில் 19 அலைவரிசைகள் இருப்பதையும், அவற்றில் 18 அகச்சிவப்பு என்பதையும், குறுகிய ஃபில்டர்கள் இல்லாமல் அந்தக் கருவியால் மேலே எந்த உயரத்தில் எவ்வளவு வெப்பம் என்று பிரித்தறியவே முடியாது என்பதையும் சொன்னேன். நல்ல பேச்சுதான். கடைசியில், ‘சப்ளையரின் அறிக்கையை நம்பாதீர்கள், நீங்களே அளந்து பாருங்கள்’ என்று சொல்லி அந்த 240 துண்டுக் கதையை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். மாணவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலோடு நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன்.

அன்று அந்த மாணவர்களுக்குச் சொல்லியிருக்கவேண்டியதை இங்கே சொல்கிறேன். ஃபில்டர் ஒன்றைக் கேட்டு எழுதுகிறவர்கள் முதலில் எழுதவேண்டியது கோணத்தைத்தான். ஒளி நேராக விழுகிறதா, சாய்ந்தா, கூம்பாகவா; கூம்பு என்றால் அரைக்கோணம் எவ்வளவு. மைய அலைநீளத்தைச் சொல்லும் அதே வரியில் இது இருக்கவேண்டும். இது இல்லாத மைய அலைநீளத்துக்கு அர்த்தம் கிடையாது. உங்கள் கருவியின் கோணம் உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்று எழுதி, கருவியின் படத்தை அனுப்புங்கள். கோட்டிங் போடுகிறவர் கணக்குப் போட்டு நேர்க்கோண மதிப்பைத் தானே உயர்த்திவைப்பார். ஜெர்மேனியத்தையே இடைப் படலமாக வைத்து விளைவு எண்ணை 3 அளவுக்கு உயர்த்தினால் நகர்வு வெகுவாகக் குறையும். அந்த வழி எங்களுக்கும் திறந்தே இருந்தது. அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியிருந்தால் அவரே அதைச் சொல்லியிருப்பார்.

அடுத்தது தடுப்பு. இதில் நான் எழுதிய ‘வழக்கம்போல்’ என்ற ஒரு சொல் பின்னால் ஒரு வருடம் எங்களை ஆட்டிவைத்தது. கணக்கைப் பாருங்கள். 80 நானோமீட்டர் அகலம், 70 சதவீதக் கடத்தல்; பெருக்கினால் 0.056. பட்டைக்கு வெளியே 6 முதல் 14 மைக்ரான் வரை அரை சதவீதம்தான் கசிகிறது என்று வையுங்கள். 8 மைக்ரான் அகலத்துக்கு அது 0.04. நமக்கு வேண்டிய ஒளியில் ஏறக்குறைய முக்கால் பங்கு அளவுக்கு வேண்டாத ஒளியும் வரும். விளக்கின் ஒளி எல்லா அலைநீளத்திலும் சமமாக இருக்காது என்பது உண்மைதான். ஆனால் விளக்கின் கண்ணாடிக் குமிழ் சூடேறித் தானும் நீண்ட அலைகளை வீசும், சாதாரண அறை வெப்பத்தில் இருக்கும் எந்தப் பொருளும் 10 மைக்ரானை ஒட்டித்தான் அதிகமாகக் கதிர் வீசும். பட்டையைப் பாதியாகக் குறுக்கினால் நல்ல ஒளி பாதியாகும், கசிவு அப்படியே இருக்கும். குறுகிய ஃபில்டர் கேட்கிறவர் அதற்கேற்ப வலுவான தடுப்பையும் கேட்டாகவேண்டும். எந்த அலைநீளத்திலிருந்து எதுவரை, ஆயிரத்தில் ஒன்றா பத்தாயிரத்தில் ஒன்றா என்று எண்ணாகவே எழுதவேண்டும். பின்னாளில் தளத்தைச் சிலிக்கனிலிருந்து சஃபயருக்கு மாற்றினோம். 6 மைக்ரானுக்கு மேல் அதுவே ஒளியை விழுங்கிவிடும். அதோடு அந்தத் தொல்லை அடங்கியது.

வெப்பநிலையும் உண்டு. ஃபில்டர் சூடானால் முகடு நீண்ட அலைப் பக்கம் போகும். எங்களுடையதில் டிகிரிக்கு 0.2 நானோமீட்டர் அளவு. 34-இலிருந்து 17-க்கு இறங்கினால் மூன்றுக்குச் சற்று மேல். தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் சாய்வு ஏற்கெனவே விளிம்புக்குத் தள்ளிவைத்திருந்த பட்டையை இதுவும் அதே திசையில் தள்ளியது. அந்த மூன்றைத்தான் என் பெருக்கும் எண் பெரிதாக்கியது. 90 சதவீத ஈரத்தில் வாழப்போகும் படலத்துக்கு ஈரச் சோதனையும் ஒட்டுநாடாச் சோதனையும் கேட்டிருக்கவேண்டும். ஆவியாக்கிப் படியவைத்த படலத்தில் நுண்துளைகள் இருக்கும், ஈரம் அதில் ஏறினாலும் முகடு நகரும். கடைசியாக ஒன்று: எப்படி அளந்து ஏற்பீர்கள் என்பதையும் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். எந்தக் கருவி, எந்தக் கற்றை, எந்த வெப்பநிலை என்று இரு பக்கமும் ஒரே மாதிரி அளந்தால்தான், தவறு யாருடையது என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கும். எங்கள் ஆர்டரில் அந்த வரி இருந்திருந்தால் நான் பொய் சொல்ல இடமே இருந்திருக்காது.

சென்ற மாதம் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இப்போது வேறு ஊரில், வேறொரு நிறுவனத்தில் அளவியல் பிரிவுக்குத் தலைவி. நடந்ததைச் சொல்லி, அன்று நீ கேட்டதுதான் சரி என்றேன். அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அதுக்கப்புறம் மூணு வருஷம் நான் எந்த மீட்டிங்லயும் வாயத் தொறக்கல சார்” என்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சின்னமனூர்க்காரரையும் அழைத்தேன். அன்று தண்ணீர் படவில்லை, மீட்டர்தான் தவறு என்றேன். அந்தப் பையன் பெயரை இப்போது அவருக்கு நினைவில்லை. ஃபில்டர் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதி, அன்றைய லாட்டின் விலைக்குக் காசோலை இணைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அந்தக் கோட்டிங் பொறியாளர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதாகக் கேள்வி, முகவரி கிடைக்கவில்லை.

ஐயா, இது உங்கள் கண்ணில் படுமானால்: நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதோ. நான் அளந்தது நேர்க்கோணத்தில் இல்லை. 25 டிகிரிக் கூம்பில். நீங்கள் முதலில் அனுப்பிய 240 துண்டுகளும் சரியாகவே இருந்தன.